ரோட்டரியில தேக்குத் தூண்: ஒரே டூல்பாத்தை விட்டதுக்கு அப்புறம்தான் வழவழப்பு வந்துச்சு

நேத்து ராத்திரி பதினொன்னே காலுக்கு நாலாவது தூண் என் சிஎன்சி மெஷின்லேருந்து இறங்குச்சு, கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கற வழியில (அதான் டூல்பாத்) டூலை ஓட்டி மரத்தைச் செதுக்கற மெஷின். பூஜை ரூம் மண்டபத்துக்கு நாலு தேக்குத் தூண், ஒவ்வொண்ணும் 450 மி.மீ. உயரம், அடியில பன்னெண்டு தாமரை இதழ், அதுக்கு மேல வெறும் தண்டு, அப்புறம் ஆறு புரி முறுக்கு, அதுக்கு மேல மெலிசா ஒரு கழுத்து, குடம், உச்சியில பலகை. நாலு நாள்ல முடிச்சுடலாம்னு வாங்குன வேலை பத்தொன்பது நாள் இழுத்துடுச்சு, ரெண்டு தேக்குக் கட்டை வீணாப்போச்சு. ஆனா நேத்து இறங்குன தூணை விரல் வெச்சுத் தடவுனப்ப எங்கயும் பிசிறு தட்டல, அந்த சந்தோஷம் ஆறுறதுக்குள்ள எல்லாத்தையும் எழுதி வெச்சுடறேன்.

முதல்ல மெஷின். 1200க்கு 600 மி.மீ. பெட் உள்ள ரவுட்டர், டூலைச் சுத்த 2.2 கிலோவாட் தண்ணி கூலிங் ஸ்பிண்டில், டூலைப் பிடிக்க இஆர்20 கோலட். ரோட்டரி, அதாவது கட்டையை மாட்டிச் சுத்தற பாகம், வந்து 80 மி.மீ. மூணு தாடை சக், ஆறுக்கு ஒண்ணு பெல்ட் டிரைவ், சாதா ஸ்டெப்பர் மோட்டார், மறுமுனையைத் தாங்க எதிர்ல டெயில் ஸ்டாக். எக்ஸ்னா தூணோட நீளவாக்கு, ஒய்னா குறுக்கு, இசட்னா மேல கீழ, ஏ ஆக்சிஸ்னா கட்டை சுத்தறது. கட்டை 75 மி.மீ. சதுரம், 22 இஞ்ச் நீளம், நான் எடுத்த தேக்குக்கு கட்டை ஒண்ணு 480 ரூபா ஆச்சு. சதுரத்தை அப்படியே மாட்டி உருட்டுனா மூலையைத் தின்னவே நேரம் போயிடும், அதனால டேபிள் சால மூலைக்கு 22 மி.மீ. தட்டி எட்டுப்பட்டையா ஆக்கிட்டுத்தான் மாட்டுனேன். அதுல மட்டும் ரஃபிங் (முதல்ல மொத்தமாச் சீவறது) நேரம் கிட்டத்தட்ட பாதியாச்சு. ரஃபிங் 6 மி.மீ. எண்ட் மில்லுல (தட்டை முனை டூல்), சுத்தி 1 மி.மீ. விட்டுட்டு, நீளவாக்குல ஓட்டி எடுத்தது, அதுல ஒரு தொந்தரவும் இல்ல.

தொந்தரவு எல்லாம் ஃபினிஷிங்லதான், அதாவது கடைசியா மெலிசாச் சீவறதுல.

முதல் கட்டைக்கு நான் எடுத்தது ஸ்பைரல். கட்டை சுத்திக்கிட்டே இருக்கும், டூல் எக்ஸ்ல கொஞ்சம் கொஞ்சமா நகரும், கடைசல் மாதிரியே. நடுவுல டூல் தூக்காது, திரும்பாது, அதனால கோடு விழாது, இதுதான் நல்ல ஃபினிஷ் தரும்னு எனக்கு ரொம்ப நம்பிக்கை. டேப்பர் பால் நோஸ் (உருண்டை நுனி டூல்), நுனி ரேடியஸ் 1 மி.மீ., ஸ்டெப்ஓவர், அதாவது வரிக்கு வரி இடைவெளி, 0.3 மி.மீ., ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 18,000 சுத்து, ஃபீட் (டூல் நகர்ற வேகம்) நிமிஷத்துக்கு 1800. பலகை பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு தாமரை பக்கம் வரணும். 450ஐ 0.3ஆல வகுத்தா 1500 சுத்து. ஓட விட்டுட்டு வேற வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா கழுத்து கருகியிருக்கு. 28 மி.மீ. விட்டம் இருக்கற இடம் பூரா காபிக் கலர்ல வளையம் வளையமா சூடு. எனக்கு டூல் மேலதான் சந்தேகம், புது டூல்தானே ஏன் இப்படின்னு யோசிச்சுக்கிட்டே விட்டுட்டேன். அப்புறம் குடத்தைத் தொட்டுப் பார்த்தா நார் நாரா எழும்பி பூனை முதுகு மாதிரி இருக்கு. சரி, உப்புத்தாள்ல பார்த்துக்கலாம்னு அதையும் விட்டேன். நாலு மணி நேரத்துக்கு அப்புறம் டூல் தாமரைக்கு வந்துச்சு, அங்கதான் வயித்துல புளியைக் கரைச்சுது. ரஃபிங்ல இதழ் ஒரு இடத்துல நிக்குது, ஃபினிஷிங் டூல் பள்ளம் வெட்டறது அந்த இதழோட முதுகுல. பாதி இதழ் காணாம போச்சு.

நிறுத்தவே இல்ல, முழுசா ஓட விட்டேன், எவ்வளவு தூரம் விலகுதுன்னு பார்த்துடணும்னு. முடிஞ்சதும் ஏ ஆக்சிஸ் கணக்குப்படி சரியா 1500 முழுச் சுத்துல நிக்கறப்ப சக்குல நான் போட்டு வெச்சிருந்த மார்க்கர் கோட்டைப் பார்த்தா 54 டிகிரி தள்ளி நிக்குது. 1500 சுத்துக்கு 54 டிகிரின்னா ஒரு சுத்துக்கு 0.036. அப்பதான் உறைச்சுது. மோட்டார் ஒரு சுத்துக்கு 2000 பல்ஸ் (மோட்டாரை நகர்த்தற மின் துடிப்பு), ஆறு மடங்குன்னா 12,000, அதை 360ஆல வகுத்தா டிகிரிக்கு 33.3333ன்னு போய்க்கிட்டே இருக்கும், நான் செட்டிங்ல 33.33ன்னு ரெண்டு தசமத்தோட அடிச்சு வெச்சிருக்கேன். ஒரு சுத்துக்கு 1.2 பல்ஸ் குறைவு. நீளவாக்கு ரஃபிங்ல ஏ ஆக்சிஸ் மொத்தமே ஒரே சுத்துதான் சுத்தும், அங்க இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது, ஸ்பைரல்ல சேர்ந்து சேர்ந்து 54 டிகிரி ஆயிடுச்சு. முறுக்குல வர்றப்பவே லேசா சாய்ஞ்சு தெரிஞ்சிருக்கு, நான்தான் கவனிக்கல. என் மோட்டார் டிரைவர்ல டிப் சுவிட்சை எப்படி மாத்தி வெச்சாலும் முழு எண் வரல, அதனால 33.333333ன்னு ஆறு தசமம் அடிச்சேன், இப்ப 1500 சுத்துக்கு அரை பல்ஸ் கூட விலகறதில்ல. ரோட்டரி வெச்சிருக்கறவங்க தயவுசெய்து இன்னைக்கே போய் அந்த நம்பரைப் பாருங்க.

விலகல் சரியாச்சு, ஆனா கருகலும் நாரும் அப்படியே இருக்கே. இங்க நான் ஒரு தப்பான பாதையில மூணு நாள் போனேன். ஃபினிஷ் சரியில்லன்னா ஸ்டெப்ஓவரைக் குறைன்னு எல்லாரும் சொல்றதுதான், நானும் அதையே செஞ்சேன். 120 ரூபாக்கு ஒரு வேப்பங்கட்டை வாங்கி, சுத்தி வளையமா ஒரு பட்டைக்கு 0.3, பக்கத்துப் பட்டைக்கு 0.15, ரெண்டும் ஸ்பைரல். நேரம் ரெண்டு மடங்கு ஆச்சு, நகத்தால சுரண்டிப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். கணக்கு போட்டுப் பார்த்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும், ஸ்டெப்ஓவரை ஸ்டெப்ஓவரால பெருக்கி டூல் ரேடியஸோட எட்டு மடங்கால வகுத்தா வரிக்கு நடுவுல நிக்கற மேடு எவ்வளவுன்னு வரும், 0.3க்கு 0.011 மி.மீ., 0.15க்கு 0.003 மி.மீ. எழும்பி நிக்கற நாரோ இதைவிட எத்தனையோ மடங்கு ஒசரம். அதாவது நான் கையில பார்த்த சொரசொரப்பு டூல் வரியே இல்ல, மரம் கிழிஞ்சது. நாரைக் குறுக்க வெட்டிக்கிட்டு எவ்வளவு நெருக்கமாப் போனாலும் அது கிழியத்தான் செய்யும்.

ரெண்டாவது தேக்குக் கட்டைக்கு நேர் எதிரா நீளவாக்குல போனேன். டூல் எக்ஸ்ல முழு நீளம் ஓடும், முனையில கட்டை 0.6 டிகிரி திரும்பும், டூல் அப்படியே திரும்பி வரும். மொத்தம் 600 ஓட்டம். மூணேகால் மணி நேரம் ஆச்சு. இதுல தண்டு அருமையா வந்துச்சு, நார் வாட்டத்துலயே வெட்டுனதால ஒரு மினுமினுப்பு, கருகலும் இல்ல, ஏன்னா இங்க ஃபீட் நேரா எக்ஸ்ல இருக்கு, விட்டம் எவ்வளவா இருந்தாலும் 1800ன்னா 1800தான். ஆனா வேற ரெண்டு வியாதி. தண்டுக்கும் முறுக்குக்கும் நடுவுல இருக்கற வளையத்தோட விளிம்பு சீப்புப் பல்லு மாதிரி, ஒரு ஓட்டம் முன்னாடி ஒரு ஓட்டம் பின்னாடி. டயல் வெச்சுப் பார்த்தா எக்ஸ்ல 0.07 மி.மீ. பேக்லாஷ் (திசை திரும்பறப்ப வர்ற ஆட்டம்), போறப்ப ஒரு இடம் வர்றப்ப ஒரு இடம். ரெண்டாவது, இதழ் நுனியெல்லாம் சிலாம்பு கிளம்பியிருக்கு, அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

அந்தத் தூணை எடுத்துக்கிட்டு எங்க தெருக்கோடியில கடைசல் பட்டறை வெச்சிருக்கற ஆசாரி கிட்ட போனேன், நாப்பது வருஷமா கட்டில் கால் கடையறவர். சிலாம்பு கிளம்புன இடத்தைக் கட்டை விரலால ரெண்டு வாட்டி நீவிப் பார்த்துட்டு, "ஏன் தம்பி, பள்ளத்துலேருந்து மேட்டுக்கு ஏத்துனியா?"ன்னாரு. "போறப்ப ஏறும், வர்றப்ப இறங்குங்கண்ணா"ன்னேன். "ஏறவே விடக்கூடாது தம்பி. உளி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் இறங்கணும், அப்பத்தான் வெட்டற நாருக்குக் கீழ முட்டுக் குடுக்க நார் இருக்கும். ஏத்துனா முட்டு இல்லாத நாரைப் பிடுங்கிக்கிட்டுத்தான் போகும்." அவ்வளவுதான் சொன்னாரு, டீ வாங்கிக் குடுத்துட்டு மறுபடி கடைசலுக்குப் போயிட்டாரு. வீட்டுக்கு வர்ற வழியிலயே எனக்கு மொத்தப் படமும் மனசுல மாறிடுச்சு. முழுத் தூணுக்கும் ஒரு டூல்பாத்துங்கற எண்ணமே தப்பு. அவர் ஒரு கால் கடையறப்ப வளையத்துக்கு ஒரு உளி, தண்டுக்கு ஒரு உளி, ஒவ்வொரு வளைவுலயும் மேட்டுலேருந்து ரெண்டு பக்கமும் இறக்கறாரு, நான் மட்டும் ஏன் ஒரே ஓட்டத்துல 450 மி.மீ. போகணும்?

பிரிக்கறதுக்கு முன்னாடி ஃபீட் கதையை முடிச்சுடறேன், கழுத்து கருகினதுக்குக் காரணம் அதுதான். சாதாரணமா ஜி94ங்கற ஃபீட் கட்டளையில கட்டை மட்டும் சுத்தறப்ப எஃப்1800ன்னா (எஃப்னா ஃபீட்) மெஷின் அதை நிமிஷத்துக்கு 1800 டிகிரின்னு எடுத்துக்குது, அதாவது அஞ்சு சுத்து. 70 மி.மீ. விட்டத்துல அது நிமிஷத்துக்கு 1100 மி.மீ., 28 மி.மீ. கழுத்துல வெறும் 440. 18,000 வேகத்துல சுத்தற ரெண்டு பல் டூலுக்கு 440ன்னா ஒரு பல்லுக்கு 0.012 மி.மீ. சீவல்தான் கிடைக்கும், அது வெட்டே இல்ல, தேய்ப்பு, தேய்ச்சா சூடு, சூடானா கருகும். இதுக்கு மருந்து ஜி93ங்கற இன்னொரு கட்டளை. அதுல ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரத்துல முடியணும்னு எஃப் சொல்லும், போக வேண்டிய வேகத்தை அந்த வரியோட நிஜ நீளத்தால வகுத்த எண். கழுத்துல ஒரு டிகிரி திரும்புறது 0.244 மி.மீ., அதுக்கு எஃப்7377, எழுபது மி.மீ. விட்டத்துல அதே ஒரு டிகிரி 0.611, அதுக்கு எஃப்2946. இப்ப மரத்து மேல டூல் எங்க போனாலும் 1800தான். போஸ்ட் புராசசர்ல (டூல்பாத்தை மெஷின் கட்டளையா எழுதித் தர்ற புரோகிராம்) ஒரு டிக் மார்க்தான் மாத்துனேன், ஃபைல் கொஞ்சம் பெருசாச்சு, ஒவ்வொரு வரியிலும் எஃப் இருக்கணும்ல. கருகல் அன்னையோட போச்சு.

அடுத்தது பிரிச்சது. தண்டுலேருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்கதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தண்டு 160 மி.மீ. நீளம், 50 மி.மீ. விட்டம், சாய்வே கிடையாது, நேர் உருளை. இதுக்கு எதுக்கு 1 மி.மீ. பால் நோஸ்? பால் நோஸுக்கு இன்னொரு குறையும் இருக்கு, கட்டையோட உச்சி நடுவுல டூல் நேரா நின்னா மரத்தைத் தொடறது பாலோட நுனி, நுனியில வேகம் சைபர், ஸ்பிண்டில் 18,000ல சுத்தினாலும் அந்தப் புள்ளி சுத்தறதே இல்ல, அழுத்தி நசுக்கிக்கிட்டுத்தான் போகும். அதனால 12 மி.மீ. தட்டை எண்ட் மில் எடுத்து, ஒய் ஆக்சிஸ்ல நடு அச்சுலேருந்து 3.5 மி.மீ. தள்ளி நிறுத்துனேன். தள்ளி நிறுத்துனதால டூலோட செத்த நடுப்புள்ளி மரத்தைத் தொடாது, ஓரத்துப் பக்கம் கிட்டத்தட்ட 9.7 மி.மீ. அகலத்துக்கு அடித்தட்டு உருளையை ஒரு கோடா உரசும், தட்டையா இருக்கறதால இசட்ல எதுவும் மாத்த வேண்டாம். ஸ்பைரல்தான், ஸ்டெப்ஓவர் 2.5 மி.மீ. தைரியமா வெச்சேன். 64 சுத்து, ஆறு நிமிஷம். முடிஞ்சதும் தண்டை டியூப் லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பார்த்தேன், வெளிச்சம் ஒரே நேர்கோடா இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு ஓடுது, உடையவே இல்ல, கடைசல்ல கடைஞ்ச மாதிரியே. நாருக்குக் குறுக்கதானே வெட்டுது, எப்படி கிழியலன்னா, அகலமான தட்டை முனை ஒரே இடத்தை மூணு நாலு வாட்டி சீவிட்டுப் போகுது, சீவலும் மெலிசு, அதான்னு நினைக்கறேன். இதே வேலைக்கு முன்னாடி ஸ்பைரல்ல ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

ஆனா இந்த ஒய் தள்ளலுக்கு ஒய் சைபர், அதாவது நடு அச்சு, சரியா இருக்கணும். நான் முதல்ல சதுரக் கட்டையோட ரெண்டு பக்கத்தைத் தொட்டுப் பாதி எடுத்திருந்தேன், சக்குல கட்டை எங்க நடுவா உக்காருது, 0.4 மி.மீ. தப்பு. அப்புறம் 12 மி.மீ. கிரைண்டிங் ராடை சக்குல கடிச்சு, ரெண்டு பக்கமும் தொட்டு, ராடை 180 டிகிரி திருப்பி மறுபடி தொட்டு நடு எடுத்தேன். பத்து நிமிஷ வேலை, இதை முதல் நாளே செஞ்சிருக்கணும்.

முறுக்குக்கு வேற கணக்கு. ஆறு புரி, 100 மி.மீ. நீளம், விட்டம் 50, புரி சுமார் 45 டிகிரி சாய்வுல ஏறுது. சுத்துவாக்குல போனா டூல் ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு வாட்டி ஏறி இறங்கும், நீளவாக்குல போனாலும் அதே கதை, ரெண்டுலயும் இசட் குதிச்சுக்கிட்டே இருக்கும், புரியோட முதுகுல அலை அலையா விழும். கேம்ல (டூல்பாத் போடற சாஃப்ட்வேர்) கட்டையை விரிச்சுத் தட்டையா வெச்சு டூல்பாத் போட்டுத் திரும்ப சுத்தற வசதி இருக்கு, அதுல ராஸ்டர் கோணத்தை, அதாவது வரியோட சாய்வை, 45னு குடுத்துட்டேன். இப்ப டூல் புரியோடவே கயிறு மேல எறும்பு ஊர்ற மாதிரி போகுது, இசட் கிட்டத்தட்ட அசையவே இல்ல. 0.3 ஸ்டெப்ஓவர், அரை மணி நேரம். எக்ஸும் ஏ ஆக்சிஸும் ஒண்ணா நகர்றதால ஜி93 இல்லாம இதை ஓட்டவே கூடாது, வேகம் எங்க எப்படி மாறும்னு சொல்ல முடியாது. முதல் வாட்டி கோணத்தை மைனஸ்ல குடுத்துட்டு புரிக்குக் குறுக்க ஓடுனதும் நடந்துச்சு, நல்லவேளை வேப்பங்கட்டையில.

தாமரைக்கும் குடத்துக்கும் ஆசாரி சொன்னதுதான். நீளவாக்கு, ஒரே திசை, மேட்டுலேருந்து பள்ளத்துக்கு. குடத்தை அதோட வயித்துல ரெண்டா பிரிச்சேன், வயித்துலேருந்து கழுத்துக்கு ஒரு டூல்பாத், வயித்துலேருந்து பலகைக்கு ஒண்ணு. இதழ்ல தடிச்ச பக்கத்துலேருந்து நுனிக்கு மட்டும். திரும்பி வர்றப்ப டூல் தூக்கி வரும், அந்த நேரம் வீண்தான், 80 மி.மீ. தாமரைக்கு அரை டிகிரி வீதம் 720 ஓட்டம், 54 நிமிஷம் ஆச்சு. ஆனா எல்லா ஓட்டமும் ஒரே பக்கத்துலேருந்து வர்றதால பேக்லாஷும் தெரியல, சீப்புப் பல்லும் போச்சு, நுனியில ஒரு சிலாம்பு இல்ல. ஸ்பைரல் இங்க ஏன் ஆகாதுங்கறதுக்கு இன்னொரு காரணமும் சொல்லிடறேன், வளையத்தோட செங்குத்தான தோள் மாதிரி இடத்துல எக்ஸ்ல 0.3 நகர்ந்தா 75 டிகிரி சரிவுல அது 1.16 மி.மீ. ஆயிடுது, படிக்கட்டு மாதிரி தெரியும். நீளவாக்குல போனா அந்தத் தோள்ல டூல் வழுக்கிக்கிட்டே இறங்கிடும்.

பிரிச்சதுல ஒரு புதுச் சிக்கல் வந்துச்சு, ஒவ்வொரு பகுதியும் சேர்ற இடத்துல ஒரு சின்னப் படி. டூல் மாத்தறப்ப பேப்பர் வெச்சு டூல் நுனியைத் தொட்டு இசட் உயரம் எடுக்கறது என் வழக்கம், அதுல 0.05 அங்க இங்க ஆகத்தான் செய்யும். டிசைன்லயே சேர்ற இடத்தையெல்லாம் வளையத்தோட அடிப்பள்ளத்துக்கு மாத்துனேன், ரெண்டு பக்க டூல்பாத்தும் 1 மி.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வர்ற மாதிரி. அந்தப் பள்ளத்துல எப்பவுமே நிழல் இருக்கும், படி இருந்தாலும் கண்ணு அங்க போகாது. கூடவே மெலிசான கழுத்தை சக் பக்கம் வர்ற மாதிரி கட்டையைத் திருப்பிப் போட்டேன், டெயில் ஸ்டாக் பக்கம் இருந்தப்ப கடைசியில லேசா அதிர்ந்து திட்டு திட்டா விழுந்துச்சு, இப்ப இல்ல. டெயில் ஸ்டாக்கை ரொம்ப இறுக்குனாலும் கட்டை வில்லு மாதிரி வளையும், கையால திருகி நின்னதும் கால் சுத்து, அவ்வளவு போதும்.

இப்ப ஒரு தூணுக்கு ரஃபிங் 40 நிமிஷம், தண்டு 6, தாமரை 54, முறுக்கு 30, குடமும் பலகையும் சேர்த்து 35. மொத்தம் ரெண்டே முக்கால் மணி நேரம். முதல் தடவை ஃபினிஷிங் மட்டுமே அஞ்சு மணி. அதைவிட எனக்குப் பெருசாத் தெரியறது உப்புத்தாள் வேலை, அந்த ரெண்டாவது கட்டையை மூணு மணி நேரம் தேய்ச்சும் இதழ் இடுக்குல நாரு போகல, தேய்ச்சுத் தேய்ச்சு இதழோட விளிம்பே மழுங்கிடுச்சு. இப்ப 180 ஒரு கை, 320 ஒரு கை, இருபத்தஞ்சு நிமிஷம், நேரா சீலர். விளிம்பு டூல் விட்ட மாதிரியே கூர்மையா நிக்குது.

செலவுல எதிர்பாராதது டூல்தான். தேக்குல மணல்சத்து இருக்கு, கார்பைடையே மழுக்கிடும். 950 ரூபா டேப்பர் பால் நோஸ் ரெண்டு தூண்தான் தாங்குச்சு, மூணாவதுல இதழ் மேல மெல்லிசா பஞ்சு மாதிரி எழும்ப ஆரம்பிச்சதும் மாத்திட்டேன். அப்படி ரெண்டு, 1900. 12 மி.மீ. எண்ட் மில் 1150. வீணான தேக்கு 960, வேம்பு 120. கத்துக்கிட்டதுக்கு மொத்தம் 4130 ரூபா. தூண் ஒண்ணுக்கு 3200ன்னு பேசியிருந்தேன், நல்ல தேக்கு நாலுக்கு 1920 போக மீதியில இதையும் கழிச்சா கையில கொஞ்சம் நிக்குது, பத்தொன்பது நாளைக்கு அது கூலியே இல்ல, ஆனா அடுத்த ஆர்டருக்கு இந்தச் செலவு இல்ல.

அடுத்த வாட்டி மாத்தப்போறது: பேப்பர் வெச்சுத் தொடறதை விட்டுட்டு டூல் உயரத்தை அளக்கற டூல் செட்டர் பிளேட் ஒண்ணு போடணும். குடத்தோட வயிறு மாதிரி சிற்பம் இல்லாத வளைவுக்கு 1 மி.மீ. டூல் எதுக்குன்னு இப்பத் தோணுது, 3 மி.மீ. ரேடியஸ் பால் நோஸை ஒய்ல 8 மி.மீ. தள்ளி நிறுத்தி ஸ்பைரல் ஓட்டிப் பார்க்கணும், அப்ப மரத்தைத் தொடற இடம் பால் நுனியிலேருந்து அரை மி.மீ.க்கு மேல விலகி வரும், வெட்டும். ஆனா தட்டை எண்ட் மில் மாதிரி இல்ல, தள்ளுனதுக்கு ஏத்த மாதிரி இசட்டும் இறங்கணும், 35 மி.மீ. ரேடியஸ்ல 0.85 இறக்கம் வருது, அதை கேமே கணக்கு பண்ற டூல்பாத்தா எடுக்கணும், கையால ஒய்யை மட்டும் நகர்த்துனா தூண் தடிச்சுப்போயிடும். எக்ஸ் பேக்லாஷுக்கு நட் மாத்தணும், அது மாறுனா தாமரையில டூல் தூக்காம ரெண்டு பக்கமும் ஓட்டலாமான்னா, கூடாது, ஏத்தத்துல நார் பிடுங்கறது பேக்லாஷ் பார்த்து வர்றதில்ல.

அந்த வேப்பங்கட்டையைத் தூக்கிப் போடல. அதுல இப்ப ஏழு பட்டை இருக்கு, ஒவ்வொரு பட்டை மேலயும் டூல், ஸ்டெப்ஓவர், திசை, ஃபீட் எல்லாம் மார்க்கர்ல எழுதி மெஷினுக்கு மேல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். நேத்து நாலாவது தூணை இறக்குனதும் ஆசாரி அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன், தூணை விட்டுட்டு அவரு அந்த வேப்பங்கட்டையைத்தான் எடுத்து ஒவ்வொரு பட்டையா நகத்தால சுரண்டிப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு.